கரப்பானும் கிருமியும்

வீட்டில் கரப்பான் கண்ட குழந்தை ஒன்று இருக்குமாயின், அவ்வீட்டிலுள்ளோர் இரவில் நன்கு உறங்குதல் அரிது. முழங்கை மடிப்பிலும், முழங்காலின் பின்புறத்திலும், கழுத்திலும் தோல் சிவந்து, தடித்து, நீர் கசிந்து, பின்னர்ப் பொருக்குத் தட்டி நிற்கிறது. குழந்தை தூக்கத்திலேயே சொறிகிறது. விடிந்து பார்த்தால் தலையணை உறையில் இரத்தக் கறை தெரிகிறது. பள்ளிக்கு அனுப்பினாலோ, அருகில் அமரும் பிள்ளையின் பெற்றோர் தம் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொல்கின்றனர். இந்நிலையில் தாய் தந்தையர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இந்நோய் கிருமியால் வந்ததா? வந்ததெனில், பிறருக்கு ஒட்டுமா? அக்கிருமியைக் கொன்றுவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா?

கேட்பதற்கு இவை எளிய கேள்விகளே. ஆயினும் மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கும் மேலாக இவற்றை ஆராய்ந்து வந்திருக்கிறது. இவற்றின் விடையை நாம் அறிந்துகொள்வது வெறும் அறிவு வேட்கைக்காக அன்று. விடை பிழையானால் மருந்தும் பிழையாகும். மருந்து பிழையானால் துன்புறுவது குழந்தையே. ஆதலின் இக்கட்டுரையில் அம்மூன்று கேள்விகளையும் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதற்கண் நோயின் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். நம் வழக்கில் கரப்பான் என்னும் சொல் பலவகைத் தோல் நோய்களையும் குறிக்கும். இங்கு நாம் எடுத்துக்கொள்வது, மேலை மருத்துவர் எக்ஸிமா என்று கூறும் நோய்களுள் ஒன்று. 1933-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களாகிய வைஸ், சல்ஸ்பெர்கர் ஆகிய இருவரும் இதற்கு 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்று பெயரிட்டனர். அடோபி என்பது, இடம் தவறியது, வழக்கத்திற்கு மாறானது என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 1923-இல் ஆக்கப்பட்டது. ஆஸ்துமாவும், ஓயாத தும்மலும் உள்ள குடும்பங்களில் இக்கரப்பானும் அடிக்கடி காணப்படுவதால் அம்மூன்றையும் ஓரினமாகக் கருதி இப்பெயரை வழங்கினர். சிறு பூச்சியால் வரும் சொறி வேறு. பூஞ்சையால் வரும் படர்தாமரை வேறு. அவ்விரண்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவன. கரப்பானோ உடலின் காவற்படையே தன் வீட்டில் கலகம் விளைவிப்பதால் எழும் நாட்பட்ட அழற்சி.

இனி, இக்கதையில் முக்கிய இடம்பெறும் கிருமியைப் பற்றிக் கூறுவோம். 1880-ஆம் ஆண்டையொட்டி ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்னும் அறுவை மருத்துவர், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். உருண்டை வடிவான சிறு உயிர்கள் திராட்சைக் குலைகள் போன்று கொத்துக் கொத்தாகத் திரண்டிருப்பதைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882-இல் அவற்றிற்கு ஸ்டபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். 1884-இல் ஜெர்மானிய மருத்துவர் ரோஸன்பாக் இவற்றை வளர்த்துப் பார்த்து, ஒருவகை பொன்னிறமாகவும் மற்றொருவகை வெண்ணிறமாகவும் வளர்வதைக் கண்டு, முன்னதற்கு 'ஆரியஸ்' என்ற இலத்தீன் அடைமொழியைச் சேர்த்தார். பொன்னிறமானது என்பது அதன் பொருள். எனவே ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நீண்ட பெயரை நாம் 'பொற்கொத்துக் கிருமி' என்று தமிழில் வழங்கலாம். நலமாக உள்ளவர்களிலும் ஏறக்குறைய பத்தில் மூவரின் மூக்கினுள் இக்கிருமி தொல்லை ஏதும் தராமல் குடியிருக்கிறது என்பதை இங்கேயே நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

அக்காலம் கிருமியியலின் பொற்காலம். காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-இல் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் உலகிற்கு அறிவித்தார். ஒரு கிருமியை ஒரு நோய்க்குக் காரணம் என்று கூற வேண்டுமாயின், அந்நோயுற்றவரிடம் அது காணப்பட வேண்டும். அதனைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். வளர்த்த கிருமியை வேறோர் உயிரில் செலுத்தினால் அதே நோய் தோன்ற வேண்டும் என்னும் நியதிகள் அவர் பெயரால் நிலைபெற்றன. நோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்ற நம்பிக்கை எங்கும் பரவிற்று. ஹாம்பர்க் நகரின் புகழ்பெற்ற தோல் மருத்துவர் பால் உன்னா, எக்ஸிமாவும் கிருமியால் வருவதே என்று வாதாடினார். 1900-இல் பாரிஸில் கூடிய தோல் மருத்துவர் மாநாட்டில் இக்கொள்கை கடுமையாக விவாதிக்கப்பட்டது. கோக்கின் நியதிகளில் அது தேறவில்லை. கரப்பானில் காணப்பட்ட கிருமிகள் நலமான தோலிலும் காணப்பட்டன. ஆதலால் பல்லாண்டுகள் வரை அறிஞர்கள் எதிர்த்திசைக்குச் சென்றனர். கரப்பான் உடலின் உட்கோளாறு என்றும், கிருமி புண்ணில் பின்னர் வந்து ஒட்டிக்கொள்ளும் வழிப்போக்கன் என்றும் கருதினர்.

ஆயினும் அவ்வழிப்போக்கனை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 1974-இல் அமெரிக்காவில் லைடன், மார்ப்பிள்ஸ், கிளிக்மன் என்னும் மூவர் கரப்பான் புண்களில் உள்ள கிருமிகளை எண்ணிக் கணக்கிட்டனர். நாட்பட்ட புண்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் பொற்கொத்துக் கிருமி இருந்தது. நீர் கசியும் புண்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து இலட்சத்திற்கும் அதிகமாக அது பெருகியிருந்தது. பிற்காலத்தில் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2016-இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, கரப்பான் நோயாளிகளுள் நூற்றுக்கு 70 பேரின் புண்பட்ட தோலிலும், 39 பேரின் புண்படாத தோலிலும் இக்கிருமி குடியேறியிருக்கிறது. நலமுள்ளோரின் தோலில் இதனை இவ்வளவு மிகுதியாகக் காண்பதில்லை.

களவு நடந்த வீட்டில் ஒருவன் காணப்பட்டான் என்பதனாலேயே அவனைக் கள்வன் என்று தீர்மானித்துவிடலாகாது. கதவை உடைத்தவன் அவன்தானா, அன்றிக் கதவு திறந்து கிடந்தமையால் உள்ளே புகுந்தவனா என்று விசாரித்தல் வேண்டும். ஆகவே கதவை, அஃதாவது தோலை, முதலில் ஆராய்வோம்.

நம் தோலின் மேற்படலம் ஒரு செங்கற்சுவரை ஒத்தது. உலர்ந்து தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றிற்கிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இச்சுவர் உடலின் ஈரத்தை உள்ளே காக்கிறது. அயற்பொருளை வெளியே நிறுத்துகிறது. சுவரை உறுதியாக்கும் பொருள்களுள் ஒன்று பிலாக்ரின் என்னும் புரதம். அது சிதையும்போது தோன்றும் பொருள்கள் தோலுக்கு ஈரப்பசையையும் இலேசான புளிப்புத் தன்மையையும் அளிக்கின்றன. பொற்கொத்துக் கிருமிக்குப் புளிப்பு உகந்ததன்று. 2006-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் தலைமையில் ஆராய்ந்தவர்கள், பிலாக்ரினை உண்டாக்கும் மரபணுவில் பிறப்பிலேயே குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டனர். கரப்பான் கண்ட அனைவருக்கும் இக்குறை உண்டென்று கூற முடியாது. எனினும் பலரிடத்தில் நோயின் தொடக்கம் சுவரின் பழுதே என்பது இதனால் விளங்கிற்று.

சுவரில் பழுது மட்டுமன்று, காவலிலும் தளர்ச்சி உண்டு. நலமான தோல், கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைத் தானே சுரக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் கரப்பானையும் சொரியாஸிஸ் என்னும் செதில் நோயையும் ஒப்பிட்டனர். இரண்டும் நாட்பட்ட அழற்சி நோய்களே. இரண்டிலும் தோல் வெடித்துப் பழுதுபடுகிறது. ஆயினும் செதில் நோயில் கிருமியால் சீழ் கொள்வது அரிது. கரப்பானில் அது அடிக்கடி நேர்வது. செதில் நோயில் அக்காவற் புரதங்கள் ஏராளமாகச் சுரக்கின்றன; கரப்பானிலோ அவை போதிய அளவில் சுரப்பதில்லை. கதவும் திறந்து, காவலனும் உறங்கினால் வீட்டின் நிலை யாதாகும்?

இவ்வாறு புகுந்த கிருமி வாளாவிருப்பதில்லை. அது சுரக்கும் நொதிகள் சுவரின் இணைப்புகளை அறுக்கின்றன. அதன் நச்சுப் பொருள்கள் சில, உடலின் காவல் அணுக்களைத் தேவைக்கு மிஞ்சிக் கிளர்ந்தெழச் செய்கின்றன. டெல்டா நஞ்சு என்னும் பொருள், ஒவ்வாமையை விளைவிக்கும் மாஸ்ட் அணுக்களை நேரே தூண்டுகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் எலிகளைக் கொண்டு நிறுவினர். அரிப்பைப் பற்றியும் ஒரு புதுச்செய்தி உண்டு. தோல் அழற்சியுறுவதால்தான் அரிப்பு உண்டாகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2023-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஐஸக் சியூவும் அவருடைய தோழர்களும், இக்கிருமி சுரக்கும் வி-8 என்னும் நொதி நரம்பு முனைகளை நேராகத் தொட்டு அரிப்பை எழுப்புகிறது என்று எலிகளில் கண்டறிந்தனர். அரிப்பு எழுந்தால் குழந்தை சொறிகிறது. சொறிந்தால் சுவர் மேலும் சிதைகிறது. சிதைந்த சுவர் கிருமிக்கு மேலும் இடம் தருகிறது.

அழற்சியும் இச்சுழற்சியில் தன் பங்கைச் செலுத்துகிறது. காவல் அணுக்கள் வெளியிடும் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்னும் தூதுப் பொருள்கள் பிலாக்ரினையும் காவற் புரதங்களையும் குறைத்துவிடுகின்றன. ஆகவே பழுதான சுவர் கிருமியை வரவேற்கிறது. கிருமி அழற்சியை வளர்க்கிறது. அழற்சி சுவரை மேலும் பழுதாக்குகிறது. செக்கு மாடு சுற்றும் பாதையில் தொடக்கம் எது, முடிவு எது என்று காட்ட இயலாததுபோல், இங்கும் காரணத்தையும் காரியத்தையும் தனித்தனியே பிரித்து நிறுத்துதல் கடினம்.

இச்சுழற்சியை நேரில் காணும் முயற்சியும் நடந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையத்தில் ஹைடி காங், ஜூலி சீகர் ஆகியோர் கரப்பானுற்ற பன்னிரண்டு குழந்தைகளின் தோலிலுள்ள கிருமிக் கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய் தணிந்திருக்கும் காலத்தில் தோலில் பல இனக் கிருமிகள் கலந்து வாழ்ந்தன. நோய் பொங்கியெழும்போது அப்பல்வகைமை குன்றி, பொற்கொத்துக் கிருமியும் அதன் இனத்தாருமே மேலோங்கினர். சிகிச்சை பெற்றுத் தணிந்தபின் மற்ற இனங்கள் மீண்டும் தலைகாட்டின. தோலில் பிறவிக் குறையுள்ள ஓரின எலிகளைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. பால்குடி மறந்த நாள் முதல் அவ்வெலிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து வந்தபோது கரப்பான் தோன்றவில்லை. மருந்தை நிறுத்தியதும் தோன்றிற்று. எனவே கிருமி வெறும் வழிப்போக்கன் அன்று. ஆனால் பழுதற்ற தோலில் அதனால் இத்தகைய ஆதிக்கம் செலுத்த முடிவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயின், கிருமியைக் கொன்றால் போதுமே என்று தோன்றும். இதுவே மூன்றாவது கேள்வி. இதனை மனிதர்களிடத்திலேயே சோதித்துப் பார்த்துள்ளனர். 1998-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், சீழ் கொள்ளாத கரப்பானுள்ள குழந்தைகளுக்கு நான்கு வாரம் உள்ளுக்குக் கிருமிக்கொல்லி கொடுத்தனர். கிருமியின் தொகை குறைந்தது; நோய் குறையவில்லை. மருந்தை நிறுத்தியதும் கிருமி மீண்டும் குடியேறிற்று. 2017-இல் வெளியான மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில், இலேசாகச் சீழ்கொண்டதுபோல் தோன்றிய கரப்பானுள்ள 113 குழந்தைகள் கலந்துகொண்டனர். வழக்கமான பூச்சு மருந்தோடு கிருமிக்கொல்லியையும் பெற்றவர்கள், அதனைப் பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதனையும் அடையவில்லை.

இதற்கு மாறான திசையிலிருந்தும் ஒரு சான்று கிடைத்திருக்கிறது. அழற்சியைத் தூண்டும் அவ்விரு தூதுப் பொருள்களின் செயலைத் தடுக்கும் டுபிலுமாப் என்னும் ஊசி மருந்திற்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. அம்மருந்து கிருமியைக் கொல்லும் இயல்பினதன்று. ஆயினும் அதைப் பெற்ற நோயாளிகளின் தோலில் பொற்கொத்துக் கிருமி குறைந்தது; மற்றக் கிருமி இனங்கள் பெருகின. கிருமியை மட்டும் கொன்றபோது நோய் தணியவில்லை. அழற்சியைத் தணித்தபோது கிருமியும் விலகிற்று. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிகிச்சையின் நெறி தானே புலனாகும்.

நம் தோலில் வாழும் கிருமிகள் அனைத்தும் பகைவர் அல்ல என்பதையும் கூறுதல் வேண்டும். ஸ்டபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற சாது இனங்கள் சில, பொற்கொத்துக் கிருமியைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன என்று 2017-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ ஆய்வாளர்கள் கண்டனர். அத்தகைய நற்கிருமி ஒன்றைக் களிம்பிற் கலந்து, 54 பேரைக் கொண்டு நடத்திய ஒரு வாரச் சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. பொற்கொத்துக் கிருமி குறைந்தது; ஆயினும் நோயின் கடுமை அனைவருக்கும் பொதுவாகக் குறைந்துவிடவில்லை. இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. ஆனால் கண்மூடித்தனமாகக் கிருமிக்கொல்லியைப் பூசினால் பகைவனோடு நண்பனையும் அழித்துவிடுகிறோம் என்னும் பாடத்தை நாம் இன்றே கற்றுக்கொள்ளலாம்.

இப்பாடம் நம் நாட்டிற்கு மிகவும் வேண்டுவது. அரிப்பு என்றதும் மருந்துக் கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் களிம்பை வாங்கிப் பூசுவது வடக்கிலும் தெற்கிலும் ஒருங்கே காணப்படும் வழக்கம். அக்களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டும், கிருமிக்கொல்லியும், பூஞ்சைக்கொல்லியும் ஒன்றாகக் கலக்கப்பட்டிருக்கும். பூசிய நாளில் அரிப்பு அடங்குகிறது. அதனால் நம்பிக்கை பிறக்கிறது. நாளடைவில் தோல் மெலிகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலையெடுக்கின்றன. நோய் படர்தாமரையாக இருந்துவிட்டாலோ உருமாறிப் பரவி, மருத்துவரும் அடையாளம் காண இயலாத நிலையை அடைகிறது. இத்தீமையைத் தடுக்கும் பொருட்டு, ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு விதி செய்தது. விதி இருந்தால் மட்டும் போதாது. சீட்டில்லாமல் கேட்பதை நாமும் நிறுத்துதல் வேண்டும். அதே வேளையில் ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே அஞ்சுவதும் தவறு. மருத்துவர் தேர்ந்த வீரியத்தில், அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால், அழற்சியைத் தணிப்பதற்கு அது நம்பத்தக்க துணையே.

சுவரைச் செப்பனிடுவது வீட்டிலேயே இயலும் காரியம். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரமே குளிப்பாட்டி, காரமான சோப்பைத் தவிர்த்து, ஈரம் உலருமுன் மேனிக்கு ஈரங்காக்கும் களிம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும். நோய் தணிந்திருக்கும் நாள்களிலும் இதனை விடலாகாது. எண்ணெய் பூசும் வழக்கமுள்ள வீடுகளுக்கு ஒரு குறிப்பு. 2008-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பானுள்ள 52 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், தூய தேங்காயெண்ணெய் நான்கு வாரத்தில் தோலின் வறட்சியோடு பொற்கொத்துக் கிருமியையும் ஆலிவ் எண்ணெயைவிட நன்கு குறைத்தது. வடபுலத்தில் குழந்தைகளுக்குத் தேய்க்கும் கடுகெண்ணெயோ, எலிகளில் சோதித்தபோது, பழுதுற்ற தோல் ஆறுவதைத் தாமதப்படுத்திற்று. கரப்பான் பண்டம் என்று கூறிப் பல உணவுகளை நிறுத்திவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சில குழந்தைகளுக்குச் சில உணவுகள் ஒவ்வாமற் போவது மெய்யே. ஆனால் அதனை மருத்துவர் ஆராய்ந்து சொல்லாமல் நாமே உணவைக் குறைத்தால், வளரும் குழந்தை ஊட்டமின்றி மெலியும்.

கிருமிக்கொல்லி அறவே வேண்டா என்பதும் நம் கருத்தன்று. புண்ணில் தேன்நிறப் பொருக்கு மிகுந்து, சீழ் கோத்து, வலியும் காய்ச்சலும் கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். அப்போது அம்மருந்து இன்றியமையாதது. சிறு கொப்புளங்கள் கொத்தாகத் திடீரெனத் தோன்றிக் காய்ச்சல் அடித்தால் அது வைரஸ் தாக்குதலாகவும் இருக்கலாம். ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது.

இனி, முதலில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் விடை கூறி முடிப்போம். கரப்பான் கிருமியால் மட்டும் வந்த நோயன்று. ஆயினும் பழுதுற்ற தோலில் கிருமி புகுந்து அதனை வளர்க்கிறது. கரப்பான் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதில்லை. அதன்மேல் சீழ்ப்புண் கண்டிருக்கும் சில நாள்களில் மட்டும் துண்டையும் துணியையும் தனியே வைத்துக்கொள்ளுதல் போதும். கிருமியைக் கொல்வதால் மட்டும் நோய் தீராது. சுவரைச் செப்பனிட்டு அழற்சியைத் தணித்தால் கிருமியின் கொட்டம் தானே அடங்கும். ஆகவே வகுப்பறையில் கரப்பானுள்ள பிள்ளையின் அருகில் நம் பிள்ளை அமர்வதனால் ஒரு தீங்கும் இல்லை. அப்பிள்ளை தனியே அமர்த்தப்படும்போது அதன் மனத்தில் உண்டாகும் புண்ணுக்குத்தான் களிம்பு கிடையாது.